அட்டவணை எண் 587

பொன்மலை,
ஆகஸ்ட் 4

அன்புள்ள சேது,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. தை மாதத்தில் நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது என்று ஒரு வரிகூட எழுதாமல் ஆடிப்பெருக்கையும் கடந்துவிட்டேன். நீ இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தபோது மருமகளை எடுக்கச் சொல்லி, நான் மொட்டை மாடியில் இருப்பதாகச் சொல்ல வைத்தேன். அங்கேதான் இருந்தேன், ஆனால் இறங்கி வந்திருக்கலாம். அந்தப் புத்தகத்தைப் பற்றி உன்னிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு ஃபோனை வைக்க என்னால் முடிந்திருக்காது. இன்று காலையில் தேதியைப் பார்த்தேன். நாஜிகள் ஐரோப்பிய யூதர்களை அழித்த கதையான அந்தப் புத்தகத்தை எழுதிய ரௌல் ஹில்பெர்க் இறந்தது 2007-ஆம் ஆண்டு இதே நாளில். இனியும் தள்ளிப்போட்டால் நட்புக்கே அழகில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

தங்கச்சிக்கு மூட்டு வலி தேவலையா? இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவனுக்கு விஜயவாடாவுக்கு மாற்றலாகியிருக்கிறது. பரமசிவம் சார் வழக்கம்போல் தினமும் காலையில் வந்து பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டே பேசுகிறார். "சேது அனுப்பின தலையணை எப்படி?" என்று கேட்டார். மூன்று தொகுதிகளையும் எடுத்துக் காட்டியதும் பேச்சை மாற்றிவிட்டார்.

"உன் ரயில்வே இலாகா இரண்டாம் தொகுதியில் வருகிறது, முதல் தொகுதியைப் படிக்காமல் அங்கே போகாதே" என்று சீட்டு எழுதி வைத்திருந்தாய். நாற்பத்தைந்து வருடப் பழக்கத்துக்குப் பிறகும் என்னிடம் அப்படி எழுதலாமா? அன்றிரவே அங்கேதான் போனேன். நீ சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. முதல் தொகுதிக்குத் திரும்பி வந்து, இப்போது மூன்றையும் முடித்துவிட்டேன். இடையில் நான்கு இரவுகள் மருமகளின் கணினியில் அதே படுகொலையைப் பற்றிய 'ஷோவா' ஆவணப் படத்தையும் பார்த்தேன். ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் ஓடுகிறது. கிளாட் லான்ஸ்மான் 1985-இல் வெளியிட்ட படம். அதில் நம் ஆள் ஹில்பெர்க் ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற காட்சி வருகிறது. இந்தக் கடிதம் முழுவதும் அந்தக் காகிதத்தைப் பற்றித்தான்.

ரயில் அட்டவணை ஆணை எண் 587. போலந்தை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியரின் ரயில்வே நிர்வாகம் 1942-இல் வெளியிட்டது. மேலே 'இரகசியம்' என்ற முத்திரை கிடையாது, 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று இருக்கிறது, அவ்வளவுதான். சரக்குப் பெட்டிகள் ஐம்பது. எந்த ஸ்டேஷனில் புறப்பாடு, வழியில் எங்கே நிற்க வேண்டும், ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று வரிசையாக நேரங்கள். ட்ரெப்ளிங்காவுக்கு வந்த சில மணி நேரத்தில் அதே ரேக் (பெட்டிகளின் தொடர்) 'காலி' என்ற குறியுடன் புறப்பட்டு, அடுத்த ஊருக்கு அடுத்த கூட்டத்தை ஏற்றப் போகிறது. அந்த ஒரு தாளில் குறைந்தது பத்தாயிரம் யூதர்களின் சாவு இருக்கிறது என்று ஹில்பெர்க் கணக்கிட்டுச் சொல்கிறார். 'கொலை' என்ற சொல்லோ 'யூதர்' பற்றிய வசையோ அதில் எங்கும் இல்லை.

சேது, கண்ட்ரோல் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் நான் எழுதிய காகிதமும் இதே வடிவம்தான். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் ஸ்பெஷல் விடுவோம். கோரிக்கை வரும். வழக்கமான வண்டிகளுக்கு இடையே எந்த நேரத்தில் பாதை கிடைக்கும், எங்கே கிராசிங், எங்கே தண்ணீர் பிடிப்பது, காலி ரேக்கை எங்கே நிறுத்திக் கழுவுவது, திரும்ப எந்த ஸ்டேஷனுக்கு அனுப்புவது என்று பார்த்து நோட்டீஸ் எழுதி, வழியிலுள்ள எல்லா ஸ்டேஷன்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புவோம். டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழுத்துப்போன அப்படிப்பட்ட ஒரு நோட்டீஸை எடுத்து, கணினித் திரையை நிறுத்திவைத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். நேரங்கள் இறங்குகிற வரிசை, பெட்டிகளின் எண்ணிக்கை, காலி ரேக் திரும்பும் வரி, எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. நானும் அதில் பயணிகளை எண்ணிக்கையாகத்தான் எழுதியிருக்கிறேன். அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை.

இந்த மனிதர் எப்படி இதைக் கண்டுபிடித்தார் என்ற கேள்விதான் என்னை அவருடைய வாழ்க்கைக்குள் இழுத்தது. உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன், ஆனாலும் நான் எங்கெங்கே நின்றேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஹில்பெர்க் 1926-இல் வியன்னாவில் பிறந்தார். தனிமையில் வளர்ந்த பிள்ளை. நில வரைபடங்கள், இசை, ரயில் பார்ப்பது, இவைதான் பொழுதுபோக்கு. (ரயில் பார்க்கும் பையன் என்று படித்ததும் எனக்கு அவர்மீது பாசமே வந்துவிட்டது.) 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஜெர்மனியுடன் இணைக்கப்பட்ட பிறகு அந்தக் குடும்பத்தைத் துப்பாக்கி முனையில் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். தகப்பனாரைக் கைது செய்தார்கள். முதல் உலகப் போரில் போரிட்டவர் என்பதால் விடுவித்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் கிளம்பி, பிரான்ஸ் போய், கியூபாவில் சில மாதம் தங்கி, அமெரிக்காவில் கால் வைத்த நாள் 1939 செப்டம்பர் 1. ஐரோப்பாவில் போர் தொடங்கியதும் அதே நாளில்தான். பின்னர் அமெரிக்கப் படையில் சேர்ந்து சிப்பாயாக ஜெர்மனிக்கே திரும்பினார். மியூனிக்கில் நாஜிக் கட்சியின் தலைமையகக் கட்டடத்தில் தங்கவைத்தபோது, ஹிட்லரின் சொந்தப் புத்தகங்கள் பெட்டிபெட்டியாகக் கட்டிவைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தார்.

படிக்கத் திரும்பிய இடத்தில்தான் எனக்குப் பிடித்த கட்டம் வருகிறது. புரூக்ளின் கல்லூரியில் ஹான்ஸ் ரோசன்பெர்க் பாடம் நடத்துகிறார். அவரும் ஜெர்மனியிலிருந்து வெளியேறியவர்தான், பிரஷ்ய அதிகார வர்க்கத்தின் வரலாற்றில் கரை கண்டவர். நவீன காலத்தில் குடிமக்கள்மீது இழைக்கப்பட்ட மிகக் கொடிய அட்டூழியங்கள் நெப்போலியன் ஸ்பெயினை ஆக்கிரமித்தபோது நடந்தவை என்று சொல்கிறார். மாணவர் ஹில்பெர்க் எழுந்து, அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்கிறார். அது சிக்கலான விஷயம், வரலாற்றுப் பாடம் இன்றைய காலம்வரை இறங்கி வருவதில்லை என்று பதில் வருகிறது. போர் முடிந்து மூன்று வருடம்கூட ஆகியிருக்காது. ஆனாலும் ரோசன்பெர்க்கை ஹில்பெர்க் கைவிடவில்லை. அரசு அலுவலகம் என்பது தனக்கென்று நடைமுறையும் ஞாபகமும் உள்ள ஒரு ஜீவன் என்ற பாடத்தை அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டார். ஆசிரியர் சொல்ல மறுத்ததை, அவர் கற்றுக்கொடுத்த முறையை வைத்தே மாணவர் எழுதினார். இதைவிடச் சிறந்த குருதட்சிணை எனக்குத் தெரியவில்லை.

அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃப்ரான்ஸ் நாய்மன். நாஜி அரசு என்பது ஒற்றைத் தலைவனின் ஆட்சி மட்டுமல்ல, கட்சி, இராணுவம், தொழில்துறை, அரசு அதிகாரிகள் என்ற நான்கு அதிகாரக் கூட்டங்களின் கூட்டணி என்று போர் நடந்துகொண்டிருந்தபோதே எழுதியவர். 1948-இல் ஹில்பெர்க் அவரிடம் போய் யூதர்களின் அழிப்பைப் பற்றி ஆராயப் போகிறேன் என்றதும், சம்மதம் தந்துவிட்டு, "உன் சவ அடக்கத்தை நீயே செய்துகொள்கிறாய்" என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னாராம். அந்த விஷயத்தை எழுதினால் பல்கலைக்கழகத்தில் பிழைப்பு கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு உன்னை நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நாய்மன் 1954-இல் சுவிட்சர்லாந்தில் கார் விபத்தில் இறந்துபோனார். கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய ஆவணங்கள் அப்போது வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்ட்ரியாவில், பழைய டார்பிடோ தொழிற்சாலை ஒன்றில் கிடந்தன. ஹில்பெர்க் அங்கே வேலை பார்த்தவர். நாஜித் தலைவர்கள்மீது நடந்த நூரம்பர்க் வழக்கின் ஆவணங்களையும் வரிவரியாகப் படித்தார். 1956-லிருந்து வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர், 1991-இல் ஓய்வுபெறும்வரை அங்கேதான். அதுவும் வரலாற்றுத் துறையில் இல்லை, அரசியல் துறையில். நடத்திய பாடம் சர்வதேச உறவுகளும் அமெரிக்க வெளியுறவுக் கொள்கையும். தன் வாழ்நாள் விஷயத்தைத் தனிப் பாடமாக வகுப்பில் நடத்த 1974 வரை காத்திருந்தார்.

புத்தகம் பட்ட பாட்டைப் படிக்கையில் எனக்குக் கோபமே வந்தது. 1958-இல் யூதப் படுகொலையின் நினைவைக் காக்கும் ஜெருசலேமின் யாத் வாஷெம் நிறுவனம் அதை வெளியிட மறுத்தது. ஏறக்குறைய முழுவதும் ஜெர்மானிய ஆவணங்களையே நம்பியிருக்கிறது என்பதும், யூதர்களின் எதிர்ப்பைக் குறைத்து மதிப்பிடுகிறது என்பதும் அவர்கள் சொன்ன காரணங்கள். 1959-இல் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்டின் கருத்தைக் கேட்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் மறுத்தது. அதே அரெண்ட் நான்கு வருடம் கழித்து நாஜி அதிகாரி ஐக்மன்மீது நடந்த வழக்கைப் பற்றி எழுதியபோது ஹில்பெர்க்கின் நூலை வெகுவாகப் பயன்படுத்திக்கொண்டார். கடைசியில் ஒரு புரவலர் பண உதவி செய்ய, சிகாகோவின் சிறிய பதிப்பகம் ஒன்று 1961-இல் 'ஐரோப்பிய யூதர்களின் அழிப்பு' நூலை வெளியிட்டது. பக்கத்துக்கு இரண்டு பத்தியாக நெருக்கி அச்சிட்டு, ஏறத்தாழ எண்ணூறு பக்கம். ஜெர்மனியில் ஒரு பதிப்பகம் உரிமையை வாங்கி வைத்திருந்து, பிறகு பின்வாங்கியது. எந்த நாட்டு அலுவலகங்களின் கதையோ அந்த நாட்டு மொழியில் அது வெளிவர இருபத்தொரு வருடம் ஆயிற்று. வெளியிட்டதும் பெர்லினில் ஒரு சின்னப் பதிப்பகம்தான்.

இனி என் இலாகா. ரயில்வேக்காரனாக இந்தப் பகுதியைப் படித்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள், அதனால் நீ பொறுமையாகக் கேட்க வேண்டும். அந்த ஸ்பெஷல் வண்டிகள் இனாமாக ஓடவில்லை. ரயில்வே ஒவ்வொரு ஆளுக்கும் கட்டணம் வசூலித்தது. மூன்றாம் வகுப்புக் கட்டணம், கிலோமீட்டருக்கு நான்கு ஃபென்னிக் (ஜெர்மானியச் சில்லறைக் காசு). பத்து வயதுக்குக் கீழே அரை டிக்கெட். நான்கு வயதுக்குக் கீழே இலவசம். நானூறு பேருக்குமேல் ஏற்றினால் கூட்டச் சலுகை, பாதிக் கட்டணம். கொண்டுபோகப்படுகிறவர்களுக்கு ஒருவழிக் கட்டணம், காவலர்களுக்குத் திரும்பி வருவதற்கும் சேர்த்து. பணம் கட்ட வேண்டியது எஸ்எஸ் என்ற நாஜிப் படை அமைப்பு. கணக்கைக் கையாண்டது ஒரு பயண முகவர் நிறுவனம். கோடை விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்ததும் அதே நிறுவனம்தான், அதே முறையில், அதே பில்களில். இந்த வண்டிகளுக்கென்று தனி நிதி ஒதுக்கீடு இல்லை. யூதர்களிடமிருந்து பறித்த சொத்திலிருந்தே அவர்களுடைய கடைசிப் பயணத்துக்கான கட்டணம் கட்டப்பட்டது.

அரை டிக்கெட் என்ற அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கவுன்டரில் இருந்த ஆரம்ப வருடங்களில், குழந்தையின் வயதைக் குறைத்துச் சொல்கிற தாய்மார்களோடு நான் எவ்வளவு வாதாடியிருக்கிறேன்! அங்கேயும் ஒரு குமாஸ்தா எத்தனை குழந்தைகள் பத்து வயதுக்குக் கீழே, எத்தனை நான்கு வயதுக்குக் கீழே என்று பிரித்துக் கூட்டியிருக்கிறான். கூட்டல் சரியாக இருந்ததா என்று இன்னொருவன் சரிபார்த்திருப்பான்.

மேல் மட்டத்தில் இருந்தவரின் பெயரையும் சொல்கிறேன், இது சரித்திரத்தில் பதிவான பெயர். ஆல்பெர்ட் கான்சன்முல்லர், போக்குவரத்து அமைச்சகத்தின் செயலர். 1942 ஜூலை 28-ஆம் தேதி எஸ்எஸ் தலைமையில் இருந்த கார்ல் வோல்ஃபுக்கு எழுதிய கடிதத்தில், ஜூலை 22 முதல் தினம் ஒரு வண்டி, வண்டிக்கு ஐயாயிரம் யூதர்கள் வீதம், வார்சாவிலிருந்து ட்ரெப்ளிங்காவுக்குப் போகிறது என்று தெரிவிக்கிறார். வோல்ஃப் பதில் எழுதி நன்றி சொல்கிறார். வண்டிகள் தொடங்கிய மறுநாள், ஜூலை 23 அன்று, வார்சாவில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவில் ஜெர்மானியர் அமைத்த யூதர் மன்றத்தின் தலைவர் ஆடம் செர்னியாகோவ் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய நாட்குறிப்பை ஆங்கிலத்தில் பதிப்பித்தவர்களில் ஒருவர் ஹில்பெர்க். அந்த மனிதரோடு சில வருடம் மனத்தளவில் சேர்ந்தே வாழ்ந்திருக்கிறார். 'ஷோவா'வில் அவர் நாட்குறிப்பின் வரிகளைச் சொல்லும்போது, செர்னியாகோவே பேசுவதுபோல் இருந்தது எனக்கு. கான்சன்முல்லர்மீது 1973-இல் ட்யூசல்டார்ஃபில் வழக்கு தொடங்கியது. அவருக்கு மாரடைப்பு என்று நிறுத்தினார்கள். 1996 வரை உயிரோடு இருந்தார்.

அதே படத்தில் அட்டவணை போட்ட அதிகாரி ஒருவரும் வருகிறார். தான் மேசையைவிட்டு எழுந்ததே இல்லை, அந்த வண்டிகளில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை என்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று லான்ஸ்மான் நினைப்பது தெரிகிறது. என்னைக் கேட்டால், பார்க்கவில்லை என்ற பாகம் உண்மையாக இருக்கலாம். நான் விட்ட வேளாங்கண்ணி ஸ்பெஷல்களில் ஒன்றையாவது பிளாட்பாரத்தில் நின்று பார்த்திருக்கிறேனா? ஆனால் தெரியாது என்பதை நான் நம்பவில்லை. காலியாகவே திரும்புகிற ரேக் எந்தக் கண்ட்ரோலர் கண்ணிலும் உறுத்தும். போனவர்கள் ஏன் திரும்பவில்லை என்று கேட்க வேண்டியதில்லை, கோட்டில் தெரியும். ஐந்தாறு ஆயிரம் பேர் நாள்தோறும் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினால் அங்கே தண்ணீர் எங்கே, அரிசி எங்கே, சரக்கு வண்டிகள் எங்கே என்று நாங்கள் முதலில் கேட்போம். அவர்களும் கேட்டிருப்பார்கள், விடையும் தெரிந்திருக்கும். இதை ஒரு தொழிலாளியின் சாட்சியாக உனக்குச் சொல்கிறேன்.

ஹில்பெர்க் சொன்னது அத்தனையும் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அழிப்பு நான்கு படிகளில் நடந்தது என்கிறார்: யூதர் யார் என்று வரையறுத்தல், உடைமையைப் பறித்தல், ஓரிடத்தில் ஒதுக்கி அடைத்தல், கொல்லுதல். 1933-இல் ஓர் அதிகாரி 'ஆரியர் அல்லாதவர்' என்ற முதல் வரையறையை ஆணையில் எழுதியபோதே ஐரோப்பிய யூதர்களின் கதி முடிந்துவிட்டது என்றும் எழுதினார். அது மிகவும் நேரான கோடு. நடுவில் எத்தனை திருப்பங்கள், தயக்கங்கள், போரால் வந்த மாற்றங்கள்! முதல் தொகுதியில் அவரே அவற்றைக் காட்டுகிறாரே. யாத் வாஷெம் சொன்ன குறையிலும் பாதி நியாயம் உண்டு. கொன்றவர்களின் காகிதத்தையே படித்தால் கொல்லப்பட்டவர்கள் எண்ணிக்கையாகவே தெரிவார்கள். யூதர் மன்றங்களைப் பற்றி அவர் எழுதியது கடுமையானது. வரலாற்றாசிரியர் சால் ஃப்ரீட்லேண்டர் பிற்காலத்தில் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் அலுவலக ஆவணங்களுக்குப் பக்கத்திலேயே வைத்து எழுதியபோதுதான் அந்தக் குரல்கள் உள்ளே வந்தன என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். ஆனாலும் ஒன்று சேது, ஹில்பெர்க் தண்டவாளம் போட்ட பிறகுதான் மற்றவர்கள் வண்டி விட்டார்கள்.

பெரிய கேள்விகளிலிருந்து தான் ஒருபோதும் தொடங்கவில்லை, சின்னப் பதில்கள் வந்துவிடும் என்று பயம் என்று அவர் சொல்வது உனக்கு நினைவிருக்கும். அதனால்தான் கட்டண விகிதமும் பெட்டிகளின் எண்ணிக்கையும். அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இதை அந்த அதிகாரியும் கையில் பிடித்திருந்தான், இறந்தவர்கள் இல்லை, இது மட்டும்தான் மிச்சம் என்கிற பொருளில் அவர் பேசும்போது குரல் உயரவே இல்லை.

இப்போது நாய்மன் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். 1979-இல் நீ எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஏழு மாதம் உட்கார்ந்து, 1876–78 பஞ்சத்தைப் பற்றிக் குறிப்பெடுத்தாய். மண்ணடி மேன்ஷன் அறையில் உன் கைவிரல்களில் பழைய காகிதத் தூள் ஒட்டியிருக்கும், சாப்பிடும் முன் இரண்டு தடவை சோப்புப் போடுவாய். உன் நெறியாளர் "இதை வைத்து வேலை கிடைக்காது" என்றார். உன் தங்கையின் கல்யாணமும் அப்போது முன்னால் வந்து நின்றது. நீ விட்டுவிட்டு டுட்டோரியலுக்குப் போனாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் நான். ஆனால் அன்று நீ விட்டபோது, நல்லதுதான், பிழைக்கிற வழியைப் பார் என்று நானும் சொன்னேன். அதை இன்று திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஒன்பது நோட்டுகளும் உன் வீட்டுப் பரணில் இருப்பதாகப் போன தீபாவளிக்குத் தங்கச்சி சொன்னாள். பஞ்சத்தின்போது எந்த ஸ்டேஷனில் எத்தனை மூட்டை தானியம் ஏறியது, எங்கே இறங்கியது என்று ரயில்வே கணக்குகளை நீ பக்கம் பக்கமாக நகலெடுத்தாய் என்பது எனக்கு நினைவிருக்கிறது. "இந்தக் குறிகளெல்லாம் என்ன என்றே புரியவில்லை" என்று அப்போது சொல்வாய். நான் அன்று இலாகாவில் புதியவன், எனக்கும் புரியவில்லை.

புரட்டாசி பிறந்ததும் கிளம்பி வா. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலையில் நான் ஸ்டேஷனில் நிற்பேன். நோட்டுகளைக் கொண்டு வா. ஒன்பதையும் தூக்க முடியாவிட்டால் சரக்கு வண்டிக் கணக்கு உள்ளவற்றை மட்டுமாவது எடுத்து வா. எந்த வண்டி நிரம்பிப் போயிற்று, எது காலியாகத் திரும்பியது என்று இப்போது என்னால் படித்துச் சொல்ல முடியும்.

உன்
கணேசன்